கடற்கரை எவர்க்குரியது? அம்பாறைக் கரையோரமும் பொதுத் திறந்தவெளித் திட்டமிடலும்

குடிமக்களுக்கு நீரும் நிலமும் கல்வியும் மருத்துவமும் கிடைக்கச் செய்தல் அரசின் கடன் என்பது பழைய கருத்து. அம்மக்கள் வேலை ஒழிந்த வேளையில் ஆறியிருக்கவும், உலவவும், விளையாடவும் வேண்டிய திறந்தவெளியை ஒதுக்கிப் பேணுதலும் அரசின் கடனே என்னும் கருத்து மிகப் பிந்தியே தோன்றியது. கைத்தொழிற் புரட்சியின் விளைவாக மேலைநாட்டு நகரங்கள் மக்கள் நெருக்கத்தால் மூச்சுத் திணறியபோது அது முளைவிட்டு, இரண்டாம் உலகப் போரின் பின் சட்ட வடிவம் பெற்றது. பிரித்தானியாவில் 1949ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று தேசியப் பூங்காக்களை அமைக்கவும், நாட்டுப்புறத்தில் மக்கள் நடந்து செல்லும் உரிமையை உறுதிசெய்யவும் வழிவகுத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1958இல் நியமனம் பெற்ற ஆணைக்குழு ஒன்று திறந்தவெளிப் பொழுதுபோக்கு வளங்களை ஆராய்ந்து 1962இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் பயனாக இயற்றப்பெற்று 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த நிலநீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டம், மத்திய அரசின் உதவியை நாடும் ஒவ்வொரு மாநிலமும் தன் முழுப் பரப்புக்கும் திறந்தவெளித் திட்டமொன்றை வகுத்தல் வேண்டுமென விதித்தது. மக்களின் தேவை எவ்வளவு, உள்ள வெளி எவ்வளவு, குறை எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே அத்திட்டங்களின் அடிப்படையாகும்.

இலங்கை அரசும் திறந்தவெளியைப் பற்றிச் சிந்தியாதிருந்ததன்று. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவுசெய்த காலிமுகத்திடல் இதற்குச் சிறந்த சான்று. கொழும்பு நகரின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன் கருதி அவ்விடத்தைத் தமக்குப் பின்வரும் ஆட்சியாளர் பேணுதல் வேண்டுமென அவர் அங்கு நாட்டிய கல் கேட்டுக்கொள்கின்றது. ஒரு வெளியை ஒதுக்கியதோடு அமையாது, அது யாருக்காக ஒதுக்கப்பட்டது என்பதையும் அக்கல் கூறுவது கருதற்பாலது. 1921இல் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கென நகரமைப்பு அறிக்கை ஒன்றை வரைந்தார். 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் திட்டமிடும் அதிகாரத்தை நாடு முழுவதற்கும் விரித்தது. எனினும் சட்டம் நாடளாவியதாய் இருந்தபோதும் சிந்தனை தலைநகரளாவியதாகவே பெரும்பாலும் நின்றது. தலைநகரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள அம்பாறைக் கரையோரத்தில், கல்முனையைச் சூழ்ந்த தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில், இத்திட்டமிடல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வூர்களின் நில அமைப்பை முதலில் நோக்குவோம். மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஒன்றையடுத்து ஒன்றாய் அமைந்த முஸ்லிம் ஊர்களும், அவற்றினிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும், கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருங்கி நிற்கின்றன. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் பெருந்தெரு இவற்றை நூலிற் கோத்த மணிகள் போல இணைக்கின்றது. மேற்கிலுள்ள வயல் உணவளிப்பது. அதனை நிரப்பிக் குடியேறுவதைச் சட்டமும் தடுக்கின்றது, உழவர் மனமும் ஒப்புவதில்லை. ஆகவே பெருகும் குடிசனம் முழுவதும் அம்மணல் நிலத்திலேயே அடங்கவேண்டியதாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

நெருக்கத்திற்குச் சமூக வழக்கமொன்றும் காரணமாகும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் திருமணத்தின் பின் மணமகன் பெண்வீட்டிற் குடியேறுவதே மரபு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தல் பெற்றோரின் தலையாய கடமை. தாய் வாழ்ந்த வளவில் ஒரு பகுதி மகளுக்கும், அதில் ஒரு பகுதி பேர்த்திக்கும் எனத் தலைமுறைதோறும் நிலம் பங்கிடப்பட்டு வந்தது. இம்மரபு பெண்ணுக்குச் சொந்த வீட்டையும் தாய்வழிச் சுற்றத்தின் துணையையும் அளித்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், முன்னாளிற் பிள்ளைகள் ஓடி விளையாடிய முற்றங்களும் தென்னையடிகளும் வீடுகளாய் மாறின. வீட்டுக்குள் வெளியின்றிப் போகப் போக, ஊரின் பொதுவெளியாகிய கடற்கரையின் தேவை மிகுந்தது.

அக்கடற்கரையை எந்தத் திணைக்களமும் திட்டமிட்டு அமைக்கவில்லை. ஊர்வழக்கமே அதனைப் பேணியது. காலையில் அது மீனவர் நிலம். தோணிகள் கரையேறுவதும், கரைவலை இழுபடுவதும், மீன் விலைகூறப்படுவதும் அப்பொழுதே. அசர்த் தொழுகையின் பின் அது ஊராரின் நிலம். முதியோர் மணலில் அமர்ந்து பேசுவர், இளைஞர் பந்தாடுவர், மாணவர் பாடம் படிப்பர். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் மாலைகளிற் பெண்களும் குழந்தைகளும் குடும்பம் குடும்பமாய் அங்குத் திரள்வர். கல்முனைக்குடியிலுள்ள கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்ற விழா ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பழமையுடையது. பன்னிரு நாட்கள் நீடிக்கும் அவ்விழாவிற்கு அயலூர்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாய் வருவர். கடைகள் முளைக்கும், ஊஞ்சல்கள் எழும், வழிபாடும் வாணிபமும் பொழுதுபோக்கும் ஒரே மணலில் இடம்பெறும். நேரத்தாற் பங்கிட்டு ஒரே நிலத்தைப் பலர் பயன்படுத்தும் இவ்வொழுங்கு எழுதப்படாத ஒரு திட்டமே எனலாம். எழுதப்படாமையே அதன் வலுவும், பின்னர் நோக்கவிருப்பது போல, அதன் வலுக்குறைவுமாகும்.

அரசின் கண் இப்பிரதேசத்தின் மீது பெரிய அளவில் விழுந்தது 1949ஆம் ஆண்டிலாகும். பிரித்தானியா தன் மக்களுக்கு நாட்டுப்புறத்தைத் திறந்துவிட்ட அதே ஆண்டில் இலங்கை கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவியது. தமிழிற் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் அமைக்கப்பெற்றது. அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை ஒத்ததாக அறிஞர் பலர் இச்சபையைக் கருதினர். அணைகளின் அருகே பொதுமக்களுக்கெனப் பூங்காக்களை அமைத்தலும் தெனசிச் சபையின் பணிகளுள் ஒன்றாயிருந்தது. கல்லோயாவிலோ நீர்த்தேக்கத்தின் நீரேந்து பரப்பைக் காக்கும் பொருட்டு 1954ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. தெற்கே, 1938 முதற் பறவைச் சரணாலயமாயிருந்த குமனையை உள்ளடக்கி 1970இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவும், 1980இல் லகுகல கித்துலானைத் தேசியப் பூங்காவும் தோன்றின. இவ்வாறு ஒரு மாவட்டத்திற்குள் மூன்று தேசியப் பூங்காக்கள் அமைந்தன.

இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. காடும் நீரும் காக்கப்பட்டமையால் உழவு காக்கப்பட்டது; யானைக்கும் பறவைக்கும் புகலிடம் கிடைத்தது. ஆயின் கல்முனையிலுள்ள நெசவாளியோ மீனவரோ தம் பிள்ளைகளுடன் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க இவை உதவா. இங்கினியாகலை கல்முனையிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. குமனையோ பொத்துவிலையும் கடந்து செல்லவேண்டிய தொலைவு. வாகனமும் கட்டணமும் விடுமுறை நாளும் உடையார்க்கே அவை எட்டுவன. மேலும் போர்ச்சூழல் காரணமாக யால கிழக்கு 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. அது 2006இற் குமனைத் தேசியப் பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பூங்காவின் வரலாற்றில் ஒன்று மட்டும் ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. உகந்தை முருகன் ஆலயத்திலிருந்து கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களின் பாதை இப்பூங்காவினூடே செல்கின்றது. அவ்வழி பூங்காவின் எல்லைக்கோட்டினும் பழையது என்பதை ஏற்று, யாத்திரைக் காலத்தில் அடியார்களுக்கு அது திறந்துவிடப்படுகின்றது. மக்களின் வழக்கத்தை மதித்து அரசு தன் திட்டத்தில் இடங்கொடுத்தல் இயலாததன்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

காட்டையடுத்துக் கடற்கரையும் அரசின் கவனத்தைப் பெற்றது. அது உல்லாசப் பயணத்துறையின் வழியாக நிகழ்ந்தது. 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்க நிறுவனமொன்றின் துணையுடன் பத்தாண்டுத் திட்டமொன்று வகுக்கப்பட்டு, அபிவிருத்தி செய்யத்தக்க ஐந்து வலயங்களுள் ஒன்றாகக் கிழக்குக் கரை குறிக்கப்பட்டது. நாடளாவிய நோக்குடன் பொழுதுபோக்கிற்கென வகுக்கப்பட்ட திட்டம் எனின் இதனையே கூறவேண்டும். ஆயினும் அது யாருடைய பொழுதுபோக்கு? அந்நியச் செலாவணி ஈட்டுவதே அதன் இலக்காதலின், கணக்கிடப்பட்டவர் கடல் கடந்து வரும் விருந்தினர். கணக்கிடப்பட்டவை அவர்களுக்கு வேண்டிய அறைகள். பொத்துவிலை அடுத்த அறுகங்குடா 1970களிலிருந்து அலைச்சறுக்கு வீரர்களால் நாடப்பெற்று, 2019இல் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் போட்டியொன்று நிகழுமளவிற்குப் புகழ் பெற்றது. அதனால் அவ்வூரவர் பலர் தொழில் பெற்றமை உண்மை. ஆனால் உல்லாசப் பயணத் திட்டத்தின் ஏட்டில் மருதமுனையோ சாய்ந்தமருதோ இடம்பெற வேண்டிய தேவை எழவில்லை. விருந்தினர் வாராத கடற்கரை அவ்வேட்டின்படி கடற்கரையே அன்று.

கரையோரத்தைக் காக்கும் சட்டம் இதன் பின்னரே வந்தது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர்க் குறியிலிருந்து நிலத்தை நோக்கி 300 மீற்றரும் தாழ்நீர்க் குறியிலிருந்து கடலை நோக்கி 2 கிலோமீற்றரும் கொண்ட பரப்பைக் கரையோர வலயமென வரையறுத்து, அங்குக் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டுமென விதித்தது. 1990இல் வெளிவந்த முதலாவது கரையோர முகாமைத் திட்டம் கடலரிப்பு, உயிர்வாழிடங்களின் சிதைவு, வரலாற்றுச் சின்னங்களினதும் இயற்கை எழில் மிக்க இடங்களினதும் இழப்பு ஆகியவற்றைத் தலையாய சிக்கல்களாகக் கொண்டது. இவை தக்கனவே. ஆயினும் நாள்தோறும் மாலையில் மணலுக்கு வரும் ஊர்மக்களின் தேவை தனித்ததொரு பொருளாக எடைபோடப்படவில்லை. 2011ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே கடற்கரைப் பூங்கா என ஓரிடத்தைப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

உள்ளூராட்சி மன்றங்கள் இக்குறையை நிரப்பியிருக்கலாம். பூங்காவும் விளையாட்டு மைதானமும் அமைக்கும் அதிகாரம் அவற்றிற்குச் சட்டத்திலேயே உண்டு. கல்முனையின் சந்தாங்கேணி மைதானம் போன்றவை அவ்வகையிற் பயன்படுவன. ஆனால் 1987இன் சீர்திருத்தத்திற்கு முன் இன்றைய கல்முனை மாநகரப் பரப்பு கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகள் என நான்கு துண்டுகளாய் இருந்தது. சிறிய சபைகளின் வருவாய் வீதிக்கும் விளக்கிற்கும் சந்தைக்குமே போதவில்லை. 2001இல் மாநகரசபை தோன்றிய பின்னரோ எல்லை பற்றிய பிணக்குகள் ஊர்களின் ஆற்றலை உறிஞ்சின. கடற்கரையோ துண்டுபடாத ஒரே மணல்; அதனை ஒன்றாய் நோக்கும் அமைப்பு இல்லாதுபோயிற்று.

இந்நிலையில் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனை முதற் சாய்ந்தமருது வரையான கரையில் நெருக்கமே பேரழிவிற்குக் காரணமாயிற்று. வளவு கிடைக்காத வறியோரும் மீனவரும் அலைவாய்க்கு அண்மையிற் குடியிருந்தனர். அவர்களே முதலில் மாண்டனர். 2005இல் அரசு மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றரையும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரையும் குடியிருப்பு விலக்கப்பட்ட வலயமாக அறிவித்தது. ஒடுங்கிய நிலத்தில் 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதியையே குறிக்கும். எதிர்ப்பு எழுந்தமையால் அவ்வாண்டின் இறுதியில் விதி தளர்த்தப்பட்டுக் கல்முனைப் பகுதியில் அது 65 மீற்றர் என்றாயிற்று. மருதமுனையில் ‘அறுபத்தைந்து மீற்றர்’ என்பது வீட்டுத்திட்டமொன்றின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இதன் விளைவு எவரும் எதிர்பாராதது. கடலோரமாக நீண்டதொரு வெற்று நிலம் ஊர்தோறும் தோன்றியது. காலப்போக்கில் அங்கு இருக்கைகளும், நடைபாதைகளும், சிறுவர் ஊஞ்சல்களும் இடையிடையே அமைந்தன. திறந்தவெளித் திட்டம் வகுத்துப் பெறவேண்டிய நிலம், பாதுகாப்பு விதியின் உடன்விளைவாகக் கிடைத்தது. இதனை நற்பேறு என எளிதிற் கூறிவிடல் தகாது. அந்நிலம் வெறுமையாய்க் கிடந்ததன்று. வறியோர் வாழ்ந்து மாண்ட இடம் அது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட மீனவர் பலர் தோணியினின்றும் வலையினின்றும் விலகி உள்நிலக் குடியிருப்புகளில் வாழவேண்டியதாயிற்று. அவர்களை அகற்றிப் பெற்ற வெளி பின்னர் வேறெவரதும் வாணிபத்திற்குச் செல்லுமாயின், பாதுகாப்பென்று கூறிய காரணம் பொய்த்துப்போகும். அது பொதுவெளியாய் நிலைத்தல் ஒன்றே அவ்விழப்பிற்கு ஓரளவேனும் நியாயம் செய்வதாகும்.

இவ்வச்சம் கற்பனையன்று. 2005இல் வெளியிடப்பட்ட அறுகங்குடா வள அபிவிருத்தித் திட்டம், கோமாரி முதற் பாணமை வரையான கரையை உல்லாசப் பயண மையமாக மாற்றக் கருதியது. குடிசைகளை அலை கொண்டுபோன மீனவர் மீளக் கட்டுவதைத் தடுக்கும் அதே கரையில் விடுதிகளுக்கு இடங்கொடுப்பது எவ்வாறு என்னும் வினா எழுந்தது. தம்மைக் கலந்தாலோசிக்காமலே திட்டம் வகுக்கப்பட்டதென ஊர்மக்களும் தொண்டு நிறுவனங்களும் கண்டித்தனர். கனேடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இவ்விடயம் உலகின் கவனத்திற்கு வந்தது. 2010இல் பாணமையில் சிங்களக் குடும்பங்கள் பல தம் கடலோர நிலங்களினின்றும் வெளியேற்றப்பட்டன. அந்நிலத்தில் ஒரு பகுதியை மீளக் கையளிக்க 2015இல் அமைச்சரவை தீர்மானித்தது. ஆகவே இஃது ஓரினத்தார்க்கு மட்டும் உரிய குறை அன்று. கடற்கரை அரச நிலம் என்பது சட்டம். ஆனால் அரச நிலமாயிருத்தல் வேறு, பொதுநிலமாயிருத்தல் வேறு. முன்னையதை அரசு குத்தகைக்கும் கொடுக்கலாம். பின்னையதைப் பயன்படுத்துவோர் இன்னாரென்று எழுதிவைத்தாலன்றிக் காத்தல் அரிது.

நிலம் பறிபோதற்கு மனிதர் கைப்பற்றுதல் ஒன்றே வழியன்று. 2008இல் தொடங்கி 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் இதற்குச் சான்று. கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. கடலுக்குள் நீட்டப்பட்ட அலைதடுப்பு அணைகள் அந்நகர்வை மறித்தமையால் அணைக்குத் தெற்கே மணல் குவிய, வடக்கே ஒலுவிற் கரையும் நிந்தவூர்க் கரையும் அரிக்கப்பட்டன. தென்னைகள் சாய்ந்தன, தோணி இழுக்கும் இடம் குறைந்தது, மாலையில் மக்கள் அமரும் மணல் கரைந்தது. துறைமுகத்தின் செலவுக் கணக்கில் கற்பாறைக்கும் இயந்திரத்திற்கும் விலை இடப்பட்டது. இழந்த மாலைப்பொழுதுகளுக்கு விலையிட அங்கு நிரல் இல்லை.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அரசு இக்கரையோரத்தை நான்கு முறை நோக்கியது. முதலில் நீரேந்து பரப்பாகவும் வனமாகவும், அடுத்துச் செலாவணி ஈட்டும் காட்சியாகவும், பின்னர் ஆபத்து வலயமாகவும், அதன்பின் துறைமுகத் தளமாகவும் அது காணப்பட்டது. ஒவ்வொரு நோக்கிற்கும் சட்டமும் நிதியும் வரைபடமும் கிடைத்தன. ஊர்மக்களின் நாளாந்த ஓய்வுவெளி என்னும் ஐந்தாவது நோக்கு மட்டும் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. கணக்கில் ஏறாத ஒன்றை இழப்பதற்கு எவரும் தீர்மானஞ் செய்யவேண்டியதில்லை. வேறொரு தீர்மானத்தின் பக்கவிளைவாகவே அது மறைந்துவிடும்.

வறுமையும் வேலையின்மையும் உள்ள ஊர்களுக்குப் பொழுதுபோக்குத் திட்டம் ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவலாம். செல்வர்க்கு வீட்டில் தோட்டமும் பயணத்திற்கு வாகனமும் உள. பொதுவெளி இல்லையாயின் இழப்பவர் அவையிரண்டும் இல்லாதவரே. சிறப்பாகப் பெண்களின் நிலை எண்ணத்தக்கது. ஆடவர்க்குத் தெருச்சந்தியும் தேநீர்க்கடையும் மைதானமும் உண்டு. பெண்கள் அச்சமின்றி அமரத்தக்க திறந்தவெளி பெருநாள் மாலைகளிலன்றி எளிதிற் கிடைப்பதில்லை. பெண்களையும் சிறுவரையும் பெயர் குறித்துக் கல் நாட்டிய காலிமுகத்திடலின் முன்மாதிரி ஒன்றரை நூற்றாண்டிற்குப் பின்னும் இக்கரையை எட்டவில்லை.

ஆகவே வேண்டுவது பெருஞ்செலவுடைய பூங்காவன்று. மருதமுனை முதற் பொத்துவில் வரையான கரையை ஒரே அலகாகக் கொண்டு, காலையில் மீனவர்க்கும் மாலையில் ஊரார்க்கும் என வழக்கம் வகுத்த ஒழுங்கை முதலில் ஏட்டிற் பதிதல் வேண்டும். தோணித்துறை, தொழுகையிடம், விழாவெளி, விளையாடுமிடம், பெண்கள் அமருமிடம், கடலுக்குச் செல்லும் ஒழுங்கைகள் ஆகியன ஊர்தோறும் அளந்து குறிக்கப்படல் வேண்டும். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒரே மணலைப் பகிர்வனவாதலின் இப்பணியில் இரு சாராரும் ஒருங்கே அமர்தல் இன்றியமையாதது. அவ்வாறு குறிக்கப்பட்ட வரைபடம் ஒன்று இருக்குமாயின், நாளை விடுதி கட்ட வருவோரும் அணை கட்ட வருவோரும் முதலில் அதற்கு விடை கூறவேண்டியவராவர். ஓய்வும் ஓர் உரிமையே என்பதை நம் நாட்டுத் திட்டமிடல் ஏற்கும் நாளில், கல்முனைக் கடற்கரையில் மாலைதோறும் கூடும் மக்களும் அதன் கணக்கில் இடம்பெறுவர்.